கண்ணாடிக்காரம்மா வாங்காமல் வந்த வண்டி

பானெட்டில் உள்ளங்கையை வைத்ததுமே கண்ணாடிக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. சூடாக இருந்தது.

"வண்டிய எடுத்தீங்களா?"

"ஆமாம்மா, காலையில ஒரு வேலையா வெளிய போயிட்டு வந்தேன்" என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

"ஃபோன்ல சொன்னேனே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்கன்னு."

"மறந்துட்டேன். சூடா இருந்தா என்ன, ஓடாதா?"

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்குத் தெருமுனை மெக்கானிக் முதலில் சொல்வது இதைத்தான்: "அக்கா, ஆறின என்ஜின்தான் உண்மை பேசும். சூடாக்கி வெச்சிட்டா எந்த நொண்டி வண்டியும் துள்ளி எழுந்திரும்." அவன் இன்று கூடவே வருவதாக இருந்தான். காலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். அவள் மட்டும் பஸ் ஏறி வந்திருந்தாள், தோளில் ஒரு பை, அதற்குள் அட்வான்ஸ் கவர், டேப், பட்டிக் கத்தி, டார்ச்.

நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை. அவளுடைய பெயர் வீட்டிலும் ரேஷன் அட்டையிலும்தான் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரம்மா. ஜன்னல் சட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே "கீழ் மூலை இறங்கியிருக்கு" என்பாள். தச்சர்கள் முதலில் சண்டைக்கு வருவார்கள், பிறகு அளந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவளை நாலு வருடத்துக்கு முன் ஒரு பழைய பிக்கப் வண்டி ஏமாற்றிவிட்டது. "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் விற்றவர். அவளும் மூடிக்கொண்டாள். வாங்கிய ஏழாவது மாதம், சரிவில் இறங்கும்போது பிரேக் மிதி வெண்ணெயில் இறங்குவது போல அடிவரை போனது. பின்னால் தொட்டியில் அவள் புருஷன் கண்ணாடி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் வண்டியை ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாள். பதினோரு கண்ணாடி போனது. புருஷனின் வலது கையில் நரம்பு வெட்டுப்பட்டு, இரண்டு விரல் அன்றிலிருந்து மடங்குவதில்லை. அதற்குப் பிறகு அளவெடுப்பதும் ஃபோன் பேசுவதும் அவர் வேலை. வெட்டுவது, தூக்குவது, பொருத்துவது எல்லாம் இவள் தலையில். பிரேக்கை மாற்றி அந்த வண்டியையே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். போன மாதம் அதன் என்ஜினும் நின்றுபோனது.

அதே நேரம் பார்த்துப் புயல் அடித்தது. பள்ளிக்கூடத்தின் மேற்குப்பக்க ஜன்னல்கள் அத்தனையும் நொறுங்கின. நூற்று நாற்பது கண்ணாடி. பள்ளி திறக்க இரண்டு வாரம்தான். வேலை அவளுக்குத்தான் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார், ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி வேண்டும். ஒரு வாரத்தில் நாலு வண்டி பார்த்தாள். ஒன்று புகையாகக் கக்கியது. ஒன்றின் ஆர்.சி. புத்தகத்தில் வேறு யார் பெயரோ இருந்தது. ஒன்றில் கால்விரிப்பைத் தூக்கினால் தரை தெரிந்தது. நாலாவது ஆள் ஸ்டீரிங்கைத் தொடவே விடவில்லை. இது ஐந்தாவது. கரும்பச்சை நிறம், இரண்டு வரிசை சீட், பின்னால் நீளமான தொட்டி. எட்டு வருடம் ஒரே கை.

"ஆறட்டும். மூணு மணி நேரம் ஆகும். நான் இருக்கேன்" என்றாள்.

கோழிப்பண்ணைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கட்டையான உடம்பு, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. அவர் கழுத்து சிவந்தது.

"என்னத் திருடன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லைங்கய்யா. நான் ஒரு தடவை பட்டவ."

"நாலு மணிக்கு இன்னொருத்தர் வர்றார். அட்வான்ஸோட வர்றேன்னு சொல்லியிருக்கார். அவர் இப்படியெல்லாம் நொய் நொய்ன்னு கேட்கல."

"அதுக்குள்ள சொல்லிடறேன்."

அவர் விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய்விட்டார். அவள் இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முற்றத்தின் இரண்டு பக்கமும் நீளக் கொட்டகைகள். உள்ளே மின்விசிறிகள் உறுமின. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் முணுமுணுப்பது, பக்கத்து அறையில் யாரோ தன்னைப் பற்றியே பேசுவது போலக் கேட்டது.

ஃபோன் அடித்தது. புருஷன்.

"என்னம்மா ஆச்சு?"

"சூடா இருக்கு."

"வண்டியா, நீயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "ரெண்டும்தான். ஆறட்டும்னு உட்கார்ந்திருக்கேன்."

"தலைமை ஆசிரியை மறுபடி கூப்பிட்டாங்க. திங்கட்கிழமை ஆரம்பிக்கலன்னா வேற ஆள் பாக்கணுமாம்." உடனே சேர்த்துச் சொன்னார்: "அதுக்காக அவசரப்படாத. நான் சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னது கல்லாக நெஞ்சில் உட்கார்ந்தது.

அரைமணி கழித்து வீட்டிலிருந்து ஒரு பெண்மணி தண்ணீர்ச் சொம்போடு மெதுவாக நடந்து வந்தார். பண்ணைக்காரரின் மனைவி. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைக் கட்டு, புத்தம்புதிது.

"என்னாலதாம்மா உங்களுக்கு இந்தக் காத்திருப்பு. காலையில எனக்குக் கட்டு மாத்தணும்னு அவர்தான் வண்டியில கூட்டிட்டுப் போனாரு. சர்க்கரைப் புண்ணு, ஆபரேஷன் பண்ணியும் ஆற மாட்டேங்குது."

கண்ணாடிக்காரம்மா தண்ணீரை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். காது மடல் சுட்டது. கட்டு மாற்றப் போன வண்டியையா சந்தேகப்பட்டோம்? உள்ளே போய் "மன்னிச்சுக்குங்கய்யா" என்று சொல்லிவிடலாமா என்று கூட நினைத்தாள். ஆனால் மடங்காத அந்த இரண்டு விரல் கண் முன்னே வந்து நின்றது. மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டரைக்குப் பானெட் சில்லென்று ஆனது. பண்ணைக்காரர் வந்து சாவியை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். அவள் திருகினாள். முதல் திருகலிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. எண்ணெய் சுத்தம்.

"போதுமாம்மா?" என்றார் அவர். அந்தக் கேள்வியில் மூன்று மணி நேரக் கோபமும் இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்கய்யா."

ஒரு சுற்று ஓட்டினாள். அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பிரேக்கை மூன்று முறை அழுத்தமாக மிதித்துப் பார்த்தாள். வண்டி நறுக்கென்று நின்றது. ஒரே ஒரு விஷயம், கையை லேசாகத் தளர்த்தினால் ஸ்டீரிங் இடப்பக்கம் போகப் பார்த்தது. "டயர்ல காத்து கம்மியா இருக்கும்" என்றார். இருக்கலாம். திரும்பி வந்து இறங்கும்போது அவள் மனதுக்குள் தொட்டியில் கண்ணாடி ஸ்டாண்டைப் பொருத்தியாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை முதல் நடை, ஏழுமணிக்கே.

பையைத் திறந்து அட்வான்ஸ் கவரைக் கையில் எடுத்தாள். கடைசியாக ஒருமுறை வண்டியை முழுசாகப் பார்க்கலாம் என்று நாலடி பின்னால் போனாள்.

முன்னால் ஆள் உட்காரும் கேபின், பின்னால் தொட்டி. இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு இடைவெளி. எல்லா பிக்கப்பிலும் இருப்பதுதான். ஆனால் அந்த இடைவெளி மேலே ஒரு விரலும் கீழே ஒன்றரை விரலுமாக இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே நேர்மாறு. அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாகக் கோணலைத் தேடியே பழகிய கண், அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

கவரைப் பைக்குள் வைத்துவிட்டு டேப்பை எடுத்தாள். மணி மூன்றே கால்.

"இன்னும் என்னம்மா?" குரல் உயர்ந்தது.

"ரெண்டே நிமிஷங்கய்யா. அடியில ஒண்ணு அளந்துக்கறேன்."

ஜன்னல் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அவள் தினமும் செய்கிற வேலைதான். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளக்க வேண்டும். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். இல்லையென்றால் கோணல். வண்டிக்கு அடியிலும் சேசிஸ் என்று ஒரு இரும்புச் சட்டம்தானே இருக்கிறது? மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். ஒரு பக்க போல்ட்டில் டேப்பை மாட்டி எதிர் போல்ட்டுக்கு இழுத்தாள். பிறகு மறுபக்கம். பதினெட்டு மில்லி மீட்டர் வித்தியாசம். தப்பாகப் பிடித்திருப்போம் என்று மறுபடி அளந்தாள். அதே பதினெட்டு.

வெளியே வந்து முழங்காலில் நின்றுகொண்டே சொன்னாள், "ஐயா, கோபப்படாதீங்க. வண்டி எங்கயாவது அடிபட்டிருக்கா?"

"எட்டு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. நானும் என் பையனும் தவிர வேற யாரும் இந்த ஸ்டீரிங்கத் தொட்டதில்ல. முதல்ல சூடா இருக்குன்னீங்க. இப்ப என்ன? வாங்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. ஏன் வண்டிக்குக் குத்தம் கண்டுபிடிக்கிறீங்க?"

காலையில் தப்பாகச் சந்தேகப்பட்டவள் என்பது அவள் நாக்கைக் கட்டிப்போட்டது. இந்த முறையும் தப்பாக இருந்தால்? முற்றத்தைத் தாண்டி வீட்டு வாசலில் அந்தப் பெண்மணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். நீங்களே அளந்து பாருங்க" என்றாள்.

அவர் அவளை முறைத்தார். பிறகு ஒரு காலி தீவனச் சாக்கை இழுத்துப் போட்டு, முனகிக்கொண்டே மல்லாந்து படுத்து உள்ளே போனார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையில் எண்ணை வாசித்தார். அடுத்த மூலை. வாசித்தார்.

"மறுபடி பிடிங்க."

பிடித்தாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை அவர் எண்ணைச் சொல்லவே இல்லை. அவள் டார்ச்சை அடித்தாள். இடப்பக்கத்து இரும்பு மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று கறுப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் எட்டு வருடத் தூசி. பட்டிக் கத்தியால் ஓரத்தில் சுரண்டினாள். பெயிண்ட் பொருக்காக உதிர்ந்தது. அதன் கீழே தடித்த, மேடு பள்ளமான வெல்டிங் தையல். ஒடிந்ததை ஒட்டியிருந்தார்கள்.

அவர் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். உதிர்ந்த கறுப்பு அவர் கன்னத்தில் விழுந்தது. துடைக்கவில்லை. வெளியே வந்து சாக்கிலேயே உட்கார்ந்து, கொட்டகைப் பக்கம் பார்த்து மகனைக் கூப்பிட்டார்.

முப்பது வயது மகன் ரப்பர் பூட்ஸோடு வந்தான். வண்டிக்கு அடியில் சாக்கு, அப்பா கன்னத்தில் கறுப்பு, அந்நியப் பெண் கையில் கத்தி. அவனுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப?" என்றார் அப்பா.

"போன மழையில. தீவனம் ஏத்திட்டு வரும்போது... பள்ளத்துல இறங்கி, கல்லுக்கம்பத்துல மோதிட்டேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அம்மாவுக்கு அன்னிக்குத்தான் ஆபரேஷன். நீங்க ஆஸ்பத்திரியிலேயே இருந்தீங்க. அப்ப எப்படிப்பா சொல்றது? நாலு நாள்ல ஒட்டிக் கொண்டாந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லணும்னுதான் நினைச்சேன். நாள் தள்ளிக்கிட்டே போயிருச்சு."

"இந்த வண்டியிலதானேடா வாராவாரம் உங்கம்மாவ ஏத்திட்டுப் போறேன்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று கண்ணாடிக்காரம்மாவுக்குத் தோன்றியது.

அவள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். இது அவர்கள் குடும்பத்து விஷயம். நாலேகால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வாசல் பக்கம் திரும்பியபோதுதான் மோட்டார் சைக்கிள் ஒன்று உள்ளே வந்தது. நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆள்தான், ஊரூராகத் தண்ணீர் கேன் போடுகிறவர். பின்னால் அவர் மனைவி. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே.

மகன் அப்பாவின் காதருகே குனிந்தான். மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். "அப்பா, அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. குடுத்துருவோம்."

கண்ணாடிக்காரம்மாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

தண்ணீர்க்காரர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார், டயரை உதைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் மனைவி பின்கதவைத் திறந்து சீட்டை அமுக்கிப் பார்த்தார். "ரெண்டு பிள்ளைங்களும் தாராளமா படுத்துக்கலாங்க. ஸ்கூலுக்கும் இதுலயே விட்டுரலாம்."

"அய்யா, பேச்சு பேச்சாவே இருக்கட்டும்" என்று தண்ணீர்க்காரர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

பண்ணைக்காரர் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டகை விசிறிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவர் கையை நீட்டினால் நான் சொல்லிவிடுவேன் என்று கண்ணாடிக்காரம்மா முடிவு செய்துகொண்டாள். அவர் பண்ணையில், அவர் வாசலில், அவர் மகன் முன்னால், அவரைப் பொய்யர் ஆக்க வேண்டும். அவர் கை லேசாக அசைந்தது. அவளும் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வண்டி விக்கிறதுக்கில்ல."

தண்ணீர்க்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னய்யா இது? காலையில கூட வாங்கன்னு சொன்னீங்களே?" அப்போதுதான் அவர் பார்வை பையோடு நிற்பவள் மேல் விழுந்தது. "ஓ, இந்தம்மா கூடக் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்களா? அதான!"

"நாங்க முதல்ல பேசின வண்டி" என்றார் அவர் மனைவி, கதவைப் படாரென்று சாத்தி. "குறுக்க வந்து கொத்திட்டுப் போறதுக்குன்னே சில பேர் இருக்காங்க. மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"

கண்ணாடிக்காரம்மாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் பண்ணைக்காரர் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால் அது காட்டிக்கொடுத்தது போல ஆகும். அவரே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். தண்ணீர்க்காரர் இன்னும் என்னென்னவோ பேசினார். அதில் பாதி அவள் காதில் ஏறவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் பண்ணைக்காரர் கடைசியில். "வண்டிக்கு முதுகெலும்பு ஒடஞ்சிருக்கு. ஒடச்சது என் பையன். அரைமணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது. இந்தம்மாதான் கண்டுபிடிச்சாங்க. நம்பிக்கை இல்லன்னா குனிஞ்சு பாருங்க."

தண்ணீர்க்காரர் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கவரைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார், முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மகன்தான் கண்ணாடிக்காரம்மாவை மோட்டார் சைக்கிளில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது, "எங்கப்பா இனிமே எங்கூடப் பேசுவாரான்னு தெரியலக்கா" என்றான். அவளுக்கும் தெரியவில்லை. "நீங்க முதல்ல பேசுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் புருஷன் வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியில்லாமல் நடந்து வந்தவளின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். ஐந்து வண்டி பார்த்த அலைச்சல், யாரோ ஒருத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, திங்கட்கிழமை, எல்லாம் சேர்ந்து வந்தது. "நல்லா இருந்துதுங்க, வண்டி. அந்த ஒண்ணத் தவிர எல்லாமே நல்லா இருந்துது" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அந்த ஒண்ணத்தானே உட்கார்ந்து பாத்துட்டு வந்த" என்றார் அவர்.

பள்ளிக்கூட வேலை கைவிட்டுப் போகவில்லை. ஆனால் லேசாகவும் முடியவில்லை. மெத்தைக் கடைக்காரரின் வேனை நடைக்கு இவ்வளவு என்று பேசி, பழைய மெத்தைகளுக்கு நடுவே கண்ணாடியைச் செருகிக் கொண்டுபோனாள். ஒரு நடைக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. மூன்று கண்ணாடி வழியிலேயே விரிசல் விட்டது. கடைசி ஜன்னலுக்குப் பட்டி போடும்போது பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குள் வந்துகொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

ஆறு வாரம் கழித்து, நில அளவை செய்யும் ஒரு பெண்ணிடம் வண்டி கிடைத்தது. பன்னிரண்டு வருடப் பழசு. வெயிலில் வெளுத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாத பெயிண்ட். எங்கெங்கே அடிபட்டது, எப்போது, யார் சரிசெய்தது என்று அந்தப் பெண்ணே ஒரு நோட்டை எடுத்து வைத்து வாசித்தாள். மெக்கானிக் இந்த முறை காய்ச்சல் இல்லாமல் கூடவே வந்தான். கண்ணாடிக்காரம்மா அடியில் படுத்து எழுந்தாள், ஆறிய என்ஜினைத் திருகினாள், சரி என்றாள்.

முதல் சுமை ஏற்றிய அன்று புருஷன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சரிவு வந்ததும் அவர் வலது கால் வெறும் தரையை அழுத்த ஆரம்பித்தது.

"அங்க பிரேக் இல்லைங்க."

"தெரியும்" என்றார். காலை எடுக்கவில்லை.

தண்ணீர்க்காரர் ஒருநாள் கடைக்கு வந்தார். ஜன்னல் அளவு கேட்க வந்திருப்பார் என்று நினைத்து அவள் பென்சிலைத் தேடினாள். அவர் வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"அன்னைக்கு என் வீட்டுல கொஞ்சம் வாய் விட்டுட்டா. நானும்தான். அத மனசுல வெச்சுக்காதீங்க."

"விடுங்கண்ணே."

"ஞாயித்துக்கிழமை ஒரு வண்டி பாக்கப் போறேன். நீங்க கூட வந்தா..."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏதோ பில்லைத் தீவிரமாகப் படிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டாள்.